மியூசிக் ஹால் பின்னணியில் ஒரு கொலைக்கதை: என் டாக்டர் தேறுவாரா?

கேலரி டிக்கெட்:

வணக்கம். நான் இங்கே படிக்கிற கட்சி, எழுதுவது குறைவு. ஒரு துப்பறியும் நாவலில் இறங்கிப் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறேன், மீதிப் பாதிக்கு உங்களிடம் வருகிறேன். களம் 1886, லண்டன், தேம்ஸுக்குத் தெற்கே லாம்பெத். கதை முழுக்க மியூசிக் ஹால் (குடித்துக்கொண்டே பாட்டும் வித்தையும் பார்க்கிற அரங்கு) ஆட்கள்தான், அதிலும் பெயர் பெற்ற நட்சத்திரங்கள் இல்லை, வாரச் சம்பளத்துக்கு ஹால் ஹாலாக ஓடுகிறவர்கள்.

நாயகிக்கு 24 வயது. சிறு வயதில் பெர்மான்ட்ஸி முயல்தோல் பட்டறையில் ரோமம் பிடுங்கியவள், இப்போது கோட்டு சூட்டு போட்டு ஆண் வேஷத்தில் பாடுகிறாள். கணவன்தான் மேனேஜர். அவள் சம்பாதிப்பதெல்லாம் சட்டப்படி அவனுக்கே சொந்தம், அவன் அதைக் குதிரைப் பந்தயத்தில் விடுகிறான். ஒரு ராத்திரி கேன்டர்பரி ஹாலில் அவள் மேடையில் பாடிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் அவன் டிரஸ்ஸிங் ரூமில் பிராந்தியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே சரிகிறான். பிராந்தியில் ஈக் காகிதம் (ஈயைக் கொல்ல விஷம் ஏற்றி விற்கிற தாள்) ஊறவைத்த ஆர்சனிக். அவள் மேடையில் இருந்ததை அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் போலீஸ் அவளைத்தான் பிடிக்கிறது. அன்றைக்கு பாக்ஸில், அதாவது தனி மாடத்தில், உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பணக்கார இளம் டாக்டர் ஒருவர் துப்புத் துலக்கி, உண்மையான கொலையாளியை வில்டன்ஸ் ஹாலில் வைத்துப் பிடிக்கிறார்.

எழுதிய வரைக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். எல்லாரும் கலெக்டர் பங்களாவில் டீ குடிக்கிற மாதிரியே பேசுகிறார்களே என்றார். அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். ஆனால் இன்னொன்றும் சொன்னார், இந்தக் கொலை மியூசிக் ஹாலில்தான் நடக்கவேண்டும் என்று என்ன கட்டாயம், ஒரு ஹோட்டலுக்கு மாற்றினால்கூட ஒரு வரியும் மாறாதே என்று. அதுதான் குடைகிறது. இந்த உலகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கே பிடித்தால் கதை அங்கேயே வேர் விடும்?

பழைய பேப்பர்:

உங்கள் நண்பரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், விஷயம் தெரிந்தவர். முதலில் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு அந்த இடத்தைப் பற்றி என்ன தெரியும்? பாக்ஸிலிருந்து பார்த்தால் மேடையின் முன்பக்கம் தெரியும், அவ்வளவுதான்.

மியூசிக் ஹாலின் அடிப்படை சாராய வியாபாரம் என்பதை மறந்தால் கதை ஹோட்டலுக்குத்தான் போகும். 1843 நாடகச் சட்டம் வந்தபோது பப் சொந்தக்காரர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. முறையான நாடகம் போட்டால் அரங்குக்குள் மதுவும் புகையும் கூடாது. மது வேண்டுமென்றால் நாடகம் கூடாது, பாட்டு, ஆட்டம், வித்தை என்று நடத்திக்கொள்ளலாம். சார்லஸ் மார்ட்டன் தன் பப்பை ஒட்டி 1852ல் கேன்டர்பரி ஹாலைத் திறந்தது இந்தக் கணக்கில்தான். அதனால் பாட்டு நடக்கும்போதே வெயிட்டர் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருப்பான், ஜனங்கள் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பார் பக்கம் போய் வருவார்கள். நீங்கள் எழுதியிருக்கிற "அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்" என்பது இந்த மாதிரிக் கூட்டம். பார்த்தார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை.

அப்புறம் நேரம். உங்கள் நாயகி ஒரு ஹாலில் மட்டுமா பாடுகிறாள்? அப்படிப் பாடினால் அவளுக்குச் சோறு கிடைக்காது. ஒரே ராத்திரியில் இரண்டு, மூன்று, நல்ல பெயர் இருந்தால் நான்கு ஹால். கேன்டர்பரியில் ஒரு டர்ன் (மேடையேறிப் பாடி இறங்குகிற ஒரு முறை), அங்கிருந்து எலிஃபன்ட் அண்ட் காஸில் பக்கத்தில் சவுத் லண்டன் பேலஸில் ஒரு டர்ன், பாலம் தாண்டி ட்ரூரி லேன் மிடில்செக்ஸில் கடைசி டர்ன். வசதியுள்ளவர்கள் சொந்தமாக ஒற்றைக் குதிரை பிரௌம் வண்டி வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வாடகை வண்டி பிடித்து வேஷம் கலைக்காமலே ஓடுவார்கள். ஒரு இடத்தில் பத்து நிமிஷம் பிந்தினால் மூன்று இடத்திலும் பிந்தும், அப்போது ஹாலின் சேர்மன்தான் வரிசையை மாற்றிச் சமாளிக்க வேண்டும். சேர்மன் என்றால் மேடைக்குக் கீழே தனி மேஜை போட்டுக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர், கையில் சுத்தியல், அடுத்து யார் வருகிறார்கள் என்று தட்டி அறிவிப்பவர். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அவள் ஏழாவது என்றிருக்கும், அன்று ராத்திரி அவள் ஒன்பதாவதாகப் பாடியிருப்பாள். போலீஸ் நிரலைப் பார்த்து நேரம் கணக்குப் போடும். உண்மையான வரிசை சேர்மனுக்கும் பேண்டுக்கும் லைம்லைட்காரனுக்கும்தான் தெரியும். இதை ஹோட்டலுக்கு மாற்றிப் பாருங்கள், முடியாது.

லைம்லைட்காரனைச் சும்மா விடாதீர்கள். அவன் மேலே ஒரு மூலையில் நின்றுகொண்டு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரிகிற சுடரை ஒரு சுண்ணாம்பு உருளைமேல் பாய்ச்சுவான், சுண்ணாம்பு வெள்ளையாகப் பழுத்து ஒளிவிடும். சுடர் ஒரே இடத்தில் பட்டால் அங்கே குழி விழும், அதனால் அவன் கை எந்நேரமும் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். நகர முடியாது. காற்றுப் பைகள் இரண்டு, தனித்தனியாக, பலகைகளுக்கு நடுவே எடை ஏற்றி அழுத்தி வைத்திருப்பார்கள், இரண்டும் தவறிக் கலந்தால் வெடிக்கும். டர்ன் முழுக்க அசையாமல் மேலிருந்து மேடையையும் ஓரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே மனிதன் அவன்தான். அவனிடம் போலீஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் போவது எவ்வளவு இயல்பு!

இன்னொரு சின்ன விஷயம். வில்டன்ஸ் ஹால் 1886க்கு ஒத்துவராது. 1859ல் வாப்பிங் பக்கம் க்ரேசஸ் ஆலியில் ஜான் வில்டன் கட்டியது, 1877ல் எரிந்து மறுபடி எழும்பியது, ஆனால் அதன் மியூசிக் ஹால் காலம் சீக்கிரம் முடிந்துபோனது. 1888ல் மெதடிஸ்ட் மிஷன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கட்டடம் இன்றும் நிற்கிறது, முறுக்குத் தூண்களோடு. அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாரும் அதைத்தான் கதையில் வைக்கிறார்கள். கொலையாளியை மிடில்செக்ஸில் வைத்துப் பிடியுங்கள்.

கோர்ட் வாசல்:

கதைக்குள் இரண்டு ஓட்டை இருக்கிறது, ஒன்று சட்டம், ஒன்று விஷம்.

விஷம் முதலில். ஆர்சனிக் அப்படி ஒரு வாய் குடித்ததும் சரிய வைக்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசைகிற வலி என்று பல மணி நேரம் இழுக்கும், சிலருக்கு நாள்கணக்கில். அப்படியென்றால் அவன் சரியும்போது அவள் மேடையில் இருந்தாள் என்பது ஒன்றையும் நிரூபிக்காது, விஷம் மத்தியானம் டீயில் போயிருக்கலாம். உங்கள் அலிபி அங்கேயே செத்தது. நிமிஷத்தில் சாகவேண்டுமென்றால் சயனைடு. அது மியூசிக் ஹால் ஆட்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது: பழைய ஈரத்தட்டு முறையில் படம் பிடிக்கிற போட்டோக்காரர்கள் படத்தை நிலைப்படுத்தப் பொட்டாசியம் சயனைடுதான் உபயோகித்தார்கள். பாடகர்கள் எல்லாரும் விளம்பரத்துக்குச் சின்ன அட்டைப் படம் எடுப்பார்கள் இல்லையா? 1886ல் பெரிய ஸ்டூடியோக்கள் உலர்தட்டுக்கு மாறிவிட்டன, ஆனால் சந்துமுனை மலிவு போட்டோக்காரனிடம் பழைய புட்டிகள் இருந்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

ஈக் காகிதம்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. 1851 ஆர்சனிக் சட்டப்படி கடையில் வாங்கினால் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும், வெள்ளைப் பொடியில் புகைக்கரியோ அவுரியோ கலந்துதான் கொடுப்பார்கள். ஈக் காகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. லிவர்பூலில் 1884ல் சகோதரிகள் இருவரைத் தூக்கிலிட்ட வழக்கில் காகிதத்தை ஊறவைத்துத்தான் விஷம் எடுத்தார்கள். அந்த வழியில் போனால் கதையை மெதுவான சாவாக மாற்றுங்கள். அவன் இரண்டு மூன்று நாளாகப் படுத்துக் கிடக்க, அவள் ராத்திரி தோறும் வேஷம் கட்டிக்கொண்டு மூன்று ஹாலில் சிரிக்கச் சிரிக்கப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கழுவுகிறாள். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இப்போது சட்டம். மனைவியின் சம்பளம் கணவனுக்கே என்பது 1886க்குப் பொருந்தாது. 1870லேயே மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்து, அவள் உழைத்துச் சம்பாதிப்பது அவளுடையதே என்றாகிவிட்டது. 1882 சட்டம் 1883 ஜனவரி 1 முதல் இன்னும் விரிவாக்கியது. ஆனால் இதனால் உங்கள் கதை கெட்டுவிடவில்லை, உண்மையில் தேறியது என்பேன். சட்டம் அவள் பக்கம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து அவன் போடுகிறான், சனிக்கிழமை ராத்திரி ஹால் முதலாளி பணத்தை எண்ணி அவன் கையில்தான் வைக்கிறார், ஏஜென்ட் பேசுவதும் அவனோடுதான். தனக்குச் சட்டம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அதை யார் அவளுக்குச் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்? போலீஸ் அங்கேதான் நோக்கத்தைத் தேடும்.

வழக்கு நடத்துவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 1898 வரை இங்கிலாந்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர் தன் சொந்த வழக்கில் சாட்சிக்கூண்டு ஏறிச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் பேச முடியாது. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசுவார்கள். பிரேத விசாரணை பெரும்பாலும் பக்கத்து பப்பின் மாடி அறையில் நடக்கும், ஜூரிகள் பிணத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கைரேகை கிடையாது, ஸ்காட்லாண்ட் யார்டில் அதற்குப் பிரிவு வந்தது 1901ல். துப்பறியும் துறை என்று சிஐடி தனியாக அமைந்து எட்டு வருஷம்தான் ஆகிறது, அதுவும் பழைய டிடெக்டிவ்கள் லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போன பிறகு. ஜனங்கள் அவர்களை நம்பவில்லை.

1886 என்கிற வருஷத்தை யோசித்துத்தான் வைத்தீர்களா? கணவனை விஷம் வைத்துக் கொன்றதாக அடிலெய்ட் பார்ட்லெட்மேல் நடந்த வழக்கு அந்த ஏப்ரலில்தான். பிம்லிகோவில் மளிகைக்காரக் கணவன், வயிற்றில் குளோரோபாம், தொண்டையில் சூடுபட்ட தடமே இல்லை, அது எப்படி உள்ளே போனது என்று யாராலும் விளக்க முடியவில்லை. விடுதலை. விடுதலையாகிவிட்டார், இனிமேலாவது எப்படிச் செய்தார் என்று விஞ்ஞானத்துக்காகச் சொல்லலாமே என்று ஒரு பெரிய சர்ஜன் சொன்னதாகக் கதை உண்டு. உங்கள் நாயகிமேல் சந்தேகம் விழும்போது ஊர் முழுக்க இதைத்தான் பேசிக்கொண்டிருக்கும்.

ராத்திரி ரயில்:

டாக்டரை இப்படி ஆளாளுக்குத் துரத்துகிறீர்களே. வெளியாள் ஒருவர் இருந்தால்தான் வாசகனுக்கு விளக்க ஒரு சாக்கு கிடைக்கும். சேர்மன் யார், டர்ன் என்றால் என்ன என்றெல்லாம் லைம்லைட்காரனும் பேண்ட் மாஸ்டரும் தங்களுக்குள் விளக்கிக்கொள்ள மாட்டார்கள். தமிழில் படிக்கிறவனுக்கு லாம்பெத்தும் தெரியாது லைம்லைட்டும் தெரியாது. டாக்டர் இருக்கட்டும், ஆனால் அவர் கண்டுபிடிப்பது எல்லாம் தப்பாக இருக்கட்டும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

தையல் மெஷின்:

ராத்திரி ரயில் சொல்வது பாதி சரி. ஆனால் துப்பறிவதற்கு வெளியாள் வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நிஜத்திலேயே மியூசிக் ஹால் பெண்கள் ஒரு கொலையைத் துப்புத் துலக்கியிருக்கிறார்கள். விக்டோரியா ராணி போய் ஒன்பது வருஷம் கழித்து நடந்தது, ஆனால் ஆட்கள் அதே தலைமுறை, அதே தொழில்.

மனைவியைக் கொன்றதாக கிரிப்பன்மேல் நடந்த வழக்கு எல்லாருக்கும் தெரியும். கப்பலிலிருந்து வயர்லெஸ் தந்தி, வேஷம் போட்ட ஜோடி, இன்ஸ்பெக்டர் டியூ வேகமான கப்பலில் முந்திப்போய் மடக்கியது, இந்த அளவில்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஐந்து மாசத்தைப் பாருங்கள். கிரிப்பனின் மனைவி கோரா, மேடைப்பெயர் பெல் எல்மோர். பாடகியாகப் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் மியூசிக் ஹால் பெண்கள் சங்கத்தில் பொருளாளர், நொடித்துப்போன கலைஞர்களின் குடும்பங்களுக்கு உதவுகிற சங்கம் அது. 1910 ஜனவரி 31 ராத்திரி ஹில்டிராப் கிரெசன்ட் 39ஆம் எண் வீட்டில் மார்ட்டினெட்டி தம்பதிக்கு விருந்து வைத்தார். அவர்களும் பழைய மேடை ஆட்கள். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் சங்கத்துக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் வருகிறது, உறவினருக்கு உடம்பு சரியில்லை, அவசரமாக அமெரிக்கா போகிறேன் என்று. கீழே பெல் எல்மோர் என்று பெயர், கையெழுத்தோ அவருடையது இல்லை. அந்தப் பெண்கள் எத்தனை ரசீதில் அவர் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள்! பிப்ரவரிக் குளிரில் அட்லாண்டிக் கடக்கிற பெண் தன் ரோமக் கோட்டுகளை விட்டுவிட்டா போவாள்? பிப்ரவரி 20ஆம் தேதி க்ரைட்டீரியன் உணவகத்தில் நடந்த நடன விருந்துக்கு கிரிப்பன் தன் டைப்பிஸ்ட்டோடு வந்தார், அவள் மார்பில் பெல்லின் ப்ரூச். போதாதா? ஒரு மேஜையில் இருந்த எல்லாக் கண்ணும் அந்த ப்ரூச்சின்மேல் போயிருக்கும். அதற்கப்புறம் மனைவி அமெரிக்காவில் இறந்துவிட்டதாக மார்ச் 24 அன்று தந்தி. எந்தக் கப்பல், எந்த ஊர், யார் அடக்கம் செய்தார்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள், அவர் ஒவ்வொரு தடவையும் நழுவினார். கடைசியில் ஜூன் 30 அன்று பாடகி லில் ஹாதார்னும் அவர் கணவரும் ஸ்காட்லாண்ட் யார்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் கிரிப்பன் ஒரு கதையைச் சொல்ல டியூ ஏறக்குறைய நம்பிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. கிரிப்பன் பயந்து ஓடாமல் இருந்திருந்தால் வீட்டை மறுபடி தோண்டிப் பார்த்திருப்பார்களா தெரியாது. நிலவறையில் கிடைத்த உடல் பெல்லுடையதே இல்லை என்று 2007ல் மரபணுச் சோதனை செய்து சொன்னவர்களும் உண்டு, அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வருவது, இந்தப் பெண்கள் பார்த்ததெல்லாம் துணி, நகை, கையெழுத்து, இங்கிதம். யார் யாருடைய நகையைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது. இதை ஒரு டாக்டர் பாக்ஸிலிருந்து பார்க்க முடியாது. உங்கள் கதைக்கு ஒரு டிரஸ்ஸர் வேண்டும். ஐம்பது வயது, ஒரு காலத்தில் தானே பாடியவள், குரல் போய்விட்டது, இப்போது மற்றவர்களுக்குப் பொத்தான் மாட்டுகிறாள். ஆண் வேஷக்காரியின் உடை சாதாரண விஷயம் இல்லை. ஆண் வேஷத்துக்குப் பெயர் பெற்ற பாடகி வெஸ்டா டில்லி தலைமுடியை இறுகப் பின்னி மண்டையோடு ஒட்ட வைத்து அதன்மேல் விக் மாட்டுவாராம், ஆண்களின் உள்ளாடை உட்படப் போட்டால்தான் கோட்டு சரியாக விழும் என்பாராம். அப்படி ஒரு வேஷத்தைக் கலைக்கவும் கட்டவும் எத்தனை நிமிஷம் ஆகும் என்று டிரஸ்ஸருக்குத் துல்லியமாகத் தெரியும். பழைய பேப்பர் சொன்ன நேரக் கணக்கு அப்படியே அவள் விரல் நுனியில் வந்து உட்காரும்.

கேலரி டிக்கெட்:

எல்லாருக்கும் நன்றி. டிரஸ்ஸர் வந்துவிட்டாள், இனி போகமாட்டாள். டாக்டரை போலீஸ் சர்ஜனாக மாற்றி இரண்டு அத்தியாயத்துக்குள் அடக்கிவிடுகிறேன், ராத்திரி ரயில் மனசு நோகவேண்டாம், அவர் சொல்வது எல்லாம் தப்பாகவே இருக்கும். மெதுவான சாவும் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கணவன்மேல் கோபம் இருக்கிற ஆட்கள் அவளைத் தவிர யார் இருக்க முடியும்? பந்தயக் கடன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அது எந்த ஊர் நாவலிலும் வருவது. அப்புறம் பேச்சு. சென்னைத் தமிழில் பேசவிட்டுப் பார்த்தேன், லாம்பெத் ராயபுரமாகிவிட்டது.

பழைய பேப்பர்:

பேச்சுக்கு நான் வைக்கிற வைத்தியம் எளிது. கொச்சையைக் குறைத்துத் தொழிலைக் கூட்டுங்கள். அவர்கள் வாயில் எந்நேரமும் இருப்பது சம்பளம், வரிசை எண், எந்த ஹாலில் கூட்டம் எப்படி, யாருடைய பாட்டை யார் திருடினார்கள் என்பது. அந்தக் காலத்துப் பாடகி பெஸ்ஸி பெல்வுட் முயல்தோல் பட்டறையிலிருந்து வந்தவர்தான், உங்கள் நாயகி மாதிரியே. கேலரியிலிருந்து ஒரு கரி மூட்டைக்காரர் குரல் கொடுத்தால் பாட்டை நிறுத்திவிட்டு அவர் வாயடைக்கும் வரை திருப்பிக் கொடுப்பார், அதைக் கேட்கவே ஜனங்கள் வந்தார்கள். அந்த வேகம் வசனத்தில் வந்தால் போதும், எந்தப் பேட்டைத் தமிழும் தேவையில்லை.

கோபக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் பாட்டு. பாட்டெழுதுகிறவன் சில ஷில்லிங்குக்கோ ஓரிரு பவுனுக்கோ பாட்டை மொத்தமாக விற்றுவிட்டுப் போவான், பாடுகிறவர் அதை வைத்து வருஷக்கணக்கில் சாப்பிடுவார். உங்கள் கணவன் ஒரு பாட்டை ஒருவனிடம் வாங்கி இரண்டு பேருக்கு விற்றிருந்தால்? இன்னும் சுவையான ஆள் ஒருவர் நிஜத்திலேயே இருந்தார், ஹாரி வால். 1870களில் பழைய பாட்டுகளின் உரிமையைச் சேகரித்து வைத்துக்கொண்டு, ஊர்க் கச்சேரிகளில் யாராவது அறியாமல் பாடினால் 1833 சட்டத்தைக் காட்டி ஒவ்வொரு தடவைக்கும் 2 பவுன் அபராதம் கேட்டு நோட்டீஸ் விடுவார். தர்மத்துக்குப் பாடினவர்களைக்கூட விடவில்லை. அவர் தொல்லை தாங்காமல்தான் 1882ல் புதிதாக ஒரு இசைப் பதிப்புரிமைச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்த மாதிரி ஒரு தொழிலைக் கணவனுக்குப் பழைய பிழைப்பாகக் கொடுங்கள், 1886ல் அது படுத்துவிட்டது, ஆனால் அவனால் நாசமானவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

அப்புறம் ஏஜென்ட். வாட்டர்லூ ரோடும் யார்க் ரோடும் சேருகிற மூலைக்கு வறுமை மூலை என்றே பெயர். ஏஜென்ட் ஆபீஸ்கள் அந்தப் பக்கம் இருந்தன, திங்கள்கிழமை காலையில் வேலையில்லாத கலைஞர்கள் எல்லாம் இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த மூலையில் நிற்பார்கள், வேலை இருக்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு. மியூசிக் ஹால் பாடகி ஜென்னி ஹில்லைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தினமும் வந்து காத்துக்கிடந்த அந்தப் பெண்ணிடம் ஏஜென்ட் ஒரு உறையை ஒட்டிக் கொடுத்து, இந்த ஹாலுக்குக் கொண்டு போ என்றாராம். உள்ளே எழுதியிருந்தது, இவளைப் பார்க்க வேண்டாம், தொல்லை தாங்காமல்தான் அனுப்புகிறேன் என்று. அவள் அதை அறியாமல் கொடுத்து, எப்படியோ பாட வாய்ப்பு வாங்கிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டுவிட்டாள். நிஜமோ புனைவோ, ஒட்டிய உறைக்குள் இருக்கிற பரிந்துரைக் கடிதம் ஒரு துப்பறியும் கதைக்குத் தானாக வந்து விழுந்த பொருள். அது ஜென்னி ஹில்லுக்கு நல்லதாக முடிந்தது, எல்லாருக்கும் அப்படி முடிந்திருக்காது. அப்படி ஒரு உறையைச் சுமந்துகொண்டு மாசக்கணக்கில் ஹால் ஹாலாக நடந்த ஒருத்தி ஒரு நாள் ஆவி காட்டிப் பிரித்துப் பார்க்கிறாள், கையெழுத்து உங்கள் கணவனுடையது. இது போதும் கொலைக்கு.

பணத்தைப் பற்றி எழுதும்போது மியூசிக் ஹால் நட்சத்திரம் ஜார்ஜ் லேபர்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1868ல் வாரம் 25 பவுன் ஒப்பந்தம், நாலு குதிரை வண்டி, மேடைக்கு வெளியேயும் பணக்காரச் சொகுசுக்காரன் வேஷத்திலேயே திரியவேண்டும் என்று முதலாளியின் விளம்பர ஏற்பாடு. ஷாம்பெயின் வாங்கிக் கொடுத்தே 42 வயதில், 1884ல், ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்தார். உங்கள் கதைக்கு இரண்டு வருஷம் முன்னால்தான். டிரஸ்ஸிங் ரூமில் அவர் பேச்சு வராமல் இருக்காது.

தையல் மெஷின்:

உறை விஷயம் பிரமாதம். ஆனால் ஆவி காட்டிப் பிரிப்பதை நாவலில் காட்ட வேண்டாம், உறையின் பசை சுருங்கியிருப்பதை டிரஸ்ஸர் கவனிக்கட்டும். நாள் பூராவும் துணிக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு ஆவி பட்ட காகிதம் தெரியாதா?

கேலரி டிக்கெட்:

அதை இப்போதே எழுதிவைத்துக்கொண்டேன். ஒப்பந்தம் போல அந்த உறையும் கணவனின் பெட்டியில் கிடக்கும், போலீஸ் அதைத் திறந்து பார்த்துவிட்டு முக்கியமில்லை என்று திருப்பி வைத்துவிடும்.

நாளும் குறித்துவிட்டேன். பார்ட்லெட் தீர்ப்பு 1886 ஏப்ரல் 17. அதற்கு மறுநாள் 18ஆம் தேதி ராத்திரி கேன்டர்பரியில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் கணவன் உயிர் போகிறது. கேலரியில் எவனாவது பார்ட்லெட் பெயரைச் சொல்லிக் கத்துவான், அவள் பதிலுக்கு ஏதோ சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பாள், அந்தப் பதிலையே பிரேத விசாரணையில் அவளுக்கு எதிராகச் சொல்வார்கள்.

கோர்ட் வாசல்:

காட்சி நன்றாக இருக்கிறது, தேதி நிற்காது. 18 ஞாயிற்றுக்கிழமை, அன்று எந்த ஹாலும் திறந்திருக்காது. 17 சனிக்கிழமைக்கே கொண்டுபோய்விடுங்கள். தீர்ப்பு அன்று சாயங்காலம் வந்தது, கோர்ட்டிலேயே கைதட்டல். பேப்பர்ப் பையன்கள் பாலம் தாண்டி லாம்பெத் வந்து சேரும்போது உங்கள் நாயகி முதல் டர்னுக்கு விக் மாட்டிக்கொண்டிருப்பாள், கேலரிக்குச் செய்தி சுடச்சுடப் போயிருக்கும். அதுவே சம்பள நாளும், பணத்தை வாங்க அன்றைக்குக் கணவன் வரவில்லை, முதல்முறையாக முதலாளி அவள் கையில் எண்ணி வைக்கிறார். பிரேத விசாரணை செவ்வாய், 20. அந்த வாரம் வெள்ளி குட் ஃப்ரைடே, அன்றும் ஹால் மூடல். 26 ஈஸ்டர் திங்கள், பேங்க் ஹாலிடே, வருஷத்திலேயே பெரிய கூட்டங்களில் ஒன்று, முதலாளி அவள் பெயரை நிரலிலிருந்து எடுப்பாரா பெரிதாகப் போடுவாரா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ராத்திரி ரயில்:

பெரிதாகத்தான் போடுவார்.